வாசகர் கேள்விகள்: குடிநீர் வாரியத்தின் கரன்ட் பில்லும் காணாமல் போகும் தண்ணீரும்

குடிநீர் வாரியம் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறது, இன்னும் என்ன செய்யலாம் என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெரும்பாலான கேள்விகள் சென்னையிலிருந்து வந்தவை என்பதால் உதாரணங்களும் சென்னையைச் சுற்றியே. பதில்களில் 'எம்.எல்.டி.' என்று வந்தால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் என்று வாசித்துக்கொள்ளவும்.

எங்கள் பகுதி நீரேற்று நிலையத்தில் மரக்கன்றுகள் நட்டு, கூரையில் சோலார் தகடும் பதித்துவிட்டார்கள். இதுதானே பசுமை நிர்வாகம்? (வாசகர், கொளத்தூர்)

மரம் நிழல் தரும், நல்லது. சோலாரும் நல்லதே. ஆனால் குடிநீர் வாரியம் என்பது முதலில் தண்ணீரைத் தூக்கும் நிறுவனம். அதன் சுற்றுச்சூழல் கணக்கு மோட்டார் அறையில் தொடங்குகிறது.

எந்த நஷ்டமும் இல்லையென்றால் ஒரு யூனிட் மின்சாரம் 367 கன மீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். அப்படியானால் பத்து லட்சம் லிட்டரை, அதாவது 1,000 கன மீட்டரை, 40 மீட்டர் ஏற்ற 109 யூனிட் போதும். நடப்பில் பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடினால் 168 யூனிட் ஆகும். அதே வேலையை 78 சதவீதத் திறனுள்ள ஜோடி 140 யூனிட்டில் முடித்துவிடும்.

இதைச் சோலாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 100 கிலோவாட் இழுக்கும் பம்ப் நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 2,000 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இடைவெளியும் சேர்த்து ஏறக்குறைய 10 சதுர மீட்டர் இடம் கேட்கும். அந்த ஒரு பம்புக்கு மட்டும் 500 கிலோவாட் சோலார், ஒரு ஏக்கருக்கு மேல் இடம் வேண்டும். பம்ப் அறைக் கூரை அதற்குக் காணாது. ஆனால் பம்பின் திறனை 65-லிருந்து 78-க்குக் கொண்டுவந்தாலே நாளுக்கு 330 யூனிட் மிச்சம். 80 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சோலார் தரும் மின்சாரம் அது.

திறன் ஏன் குறைகிறது? உள்ளே சுழலும் சக்கரத்தைச் (இம்பெல்லர்) சுற்றியுள்ள வேர் ரிங் என்ற வளையம் தேய்ந்து இடைவெளி அகலும்போது, தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு மறுபடி உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் குறையும். இன்னொரு வியாதி, தேவைக்கு மேல் பெரிய பம்பை வாங்கி டெலிவரி வால்வைப் பாதி மூடி ஓட்டுவது. ஆண்டு முழுக்க வால்வு பாதி மூடியிருக்கும் நிலையம் எதுவாக இருந்தாலும் அங்கே மின்சாரம் வால்வில் விரயமாகிறது. இம்பெல்லரைக் கழற்றி லேத்தில் விட்டத்தைக் குறைப்பது செலவு குறைந்த வைத்தியம். உறிஞ்சும் பக்கம் ஒன்று, தள்ளும் பக்கம் ஒன்று என இரண்டு பிரஷர் கேஜ், ஒரு ஓட்ட மீட்டர், ஒரு மின் மீட்டர். இவை ஒழுங்காக வேலை செய்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறனைக் கணக்கிட்டுவிடலாம். பல இடங்களில் கேஜின் முள் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை மாற்றுவதுதான் முதல் பசுமைத் திட்டம்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தினால் எல்லாம் சரியாகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும் என்ற கணக்கு, குழாயின் உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் பம்புக்குத்தான் பொருந்தும். 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தண்ணீர் தொட்டிக்கு ஏறவே ஏறாது. பம்ப் சும்மா சுற்றிச் சூடாகும்.

தெருவில் சிறு கசிவு. புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை. "கொஞ்சம்தானே சார் போகுது" என்கிறார் லைன்மேன். உண்மையில் எவ்வளவு போகும்? (வாசகி, பெரம்பூர்)

3 மில்லிமீட்டர் ஓட்டை, 10 மீட்டர் அழுத்தம் (10 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம்) என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 210 லிட்டருக்கு மேல் போகும். அழுத்தம் 20 மீட்டரானால் மணிக்கு 300 லிட்டர். 24 மணி நேரமும் தண்ணீர் நிற்கும் மெயின் குழாயில் இந்த ஓட்டை இருந்தால் நாளுக்கு 7,000 லிட்டர், அதாவது ஒரு சின்ன டேங்கர். ஏற்கெனவே சுத்திகரித்து, குளோரின் போட்டு, பம்ப் பண்ணிய தண்ணீர் அது. ஆகவே கூடவே மின்சாரமும், நீரைத் தெளியவைக்கப் போட்ட படிகாரமும் சேர்ந்து மண்ணுக்குள் போகின்றன.

கசிவுகளில் பெரும்பகுதி பெரிய குழாய் வெடிப்பில் இல்லை. மெயினிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இடத்தில் இருக்கும் ஃபெரூல், அதையடுத்த துருப்பிடித்த ஜி.ஐ. குழாய் இவற்றில்தான் அதிகம். பெரிய வெடிப்பு சாலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அன்றே சரிசெய்துவிடுவார்கள். ஃபெரூல் கசிவு மண்ணுக்குள்ளேயே அடங்கி ஆண்டுக்கணக்கில் ஓடும்.

உலகம் முழுக்க நீர் வாரியங்கள் கசிவைப் பிடிக்க ஓர் எளிய வழி வைத்திருக்கின்றன. ஊர் தூங்கும் இரவு 2 முதல் 4 மணிவரை ஒரு பகுதிக்குள் போகும் ஓட்டத்தை அளப்பது. யாரும் குழாயைத் திறக்காத நேரத்திலும் மீட்டர் ஓடினால் அது பெரும்பாலும் கசிவு. சென்னையில் இந்த முறை காலை வாரிவிடும். இங்கே தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. வரும்போது எல்லா வீட்டு சம்பும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்குப் பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் மீட்டர் கிடையாது. உள்ளே போனதில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு மண்ணுக்கு என்று பிரிக்க வழியில்லை.

தெருவாரியாகச் செய்யக்கூடிய மாற்று ஒன்று உண்டு. முன்கூட்டியே சொல்லி, ஒரு மணி நேரம் தெருவில் எல்லோரையும் சம்பு வால்வை மூடச் சொல்ல வேண்டும். தெருவின் கடைசி வால்வையும் மூடி, நுழைவில் தற்காலிக மீட்டர் வைத்துத் தண்ணீரை விட வேண்டும். குழாய் நிரம்பிய பிறகும் மீட்டர் சுற்றினால் அந்தத் தெரு கசிகிறது. பிறகு கசிவின் சத்தத்தைக் காதில் கேட்க உதவும் ஒலிக்கோலால் ஒவ்வொரு இணைப்பாகக் கேட்டுப் பார்க்கலாம். இரும்புக் குழாய் ஒலியை நன்றாகக் கடத்தும். பிளாஸ்டிக் குழாய்களான பி.வி.சி.யும் ஹெச்.டி.பி.இ.யும் அவ்வளவாகக் கடத்தாது, அங்கே மிக நெருக்கமாகக் கேட்டால்தான் பிடிபடும்.

லைன்மேனிடம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளிநீர் உள்ளே வரும். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போகும் தெருக்களில் அது என்ன நீர் என்று சொல்லவேண்டியதில்லை. லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடுகள் இதை வேகப்படுத்துகின்றன.

கசிவது குடிநீரா, சாக்கடையா, நிலத்தடி ஊற்றா என்று தெரியவில்லையா? விநியோக நேரத்தில் மட்டும் ஊறினால் குடிநீர் லைன். நாள் முழுக்க ஊறினால் மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கலாம். குளோரின் சோதனைக் குப்பியில் நிறம் வந்தால் சந்தேகமே வேண்டாம், வாரியத் தண்ணீர்தான். நிறம் வரவில்லை என்பதால் அது வாரியத் தண்ணீர் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மண்ணில் ஊறும்போதே குளோரின் தீர்ந்துபோகும்.

அமெரிக்காவில் ஏரி முழுக்கக் கறுப்புப் பந்து கொட்டி ஆவியாவதைத் தடுத்தார்களாமே. புழலில் கொட்டலாமே! (வாசகர், செங்குன்றம்)

லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015-ல் 9 கோடியே 60 லட்சம் பந்துகள் போட்டார்கள். ஆவியாவது குறைந்தது கூடுதல் லாபம். தண்ணீரில் இருந்த புரோமைடும் குளோரினும் வெயிலில் சேர்ந்து புரோமேட் என்ற நச்சு உண்டாவதைத் தடுக்க நிழல் வேண்டும் என்பதே முக்கியக் காரணம். அந்தத் தேக்கம் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. புழல் பல சதுர கிலோமீட்டர் விரிந்த, ஆழம் குறைந்த ஏரி.

ஆனால் உங்கள் கவலை சரியானது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு சதுர கிலோமீட்டரில் 50 லட்சம் லிட்டர் போகிறது. பரந்து ஆழமில்லாமல் கிடக்கும் ஏரிகளிலிருந்து முதலில் எடுத்துத் தீர்ப்பதும், ஆழமான தேக்கத்தில் கடைசிவரை சேமிப்பதும், தூர்வாரி ஆழப்படுத்துவதும் பந்தைவிடப் பலன் தரும். மிதக்கும் சோலார் போட்டால் நிழலும் மின்சாரமும் கிடைக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரியில் அதன் நங்கூரக் கயிறுகளைச் சரியாக வடிவமைக்காவிட்டால், வற்றும்போது தகடுகள் சேற்றில் சாய்ந்துவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் வடிகட்டியைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? (கல்லூரி மாணவி, பூந்தமல்லி)

இந்த இதழின் சிறந்த கேள்வி. சற்று நீளமாகவே பதில் சொல்கிறோம்.

மணல் படுகையில் அழுக்கு சேரச் சேரத் தண்ணீர் இறங்கத் தடை கூடும். தடை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீர் அழுத்தத்தை எட்டும்போது, அல்லது வடிந்த நீர் கலங்கலாகும்போது, அடியிலிருந்து காற்றும் தண்ணீரும் செலுத்தி மணலைக் கிளறிக் கழுவுவார்கள். இதுதான் பேக்வாஷ். இதற்குச் சுத்திகரித்த நீரில் 2 முதல் 4 சதவீதம்வரை செலவாகும். செம்பரம்பாக்கம் நிலையத்தின் திறன் 530 எம்.எல்.டி. முழுத் திறனில் ஓடி, கழுவ 3 சதவீதம் போகிறது என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் லிட்டர். இதைக் கால்வாயில் விடுவது இரட்டை நஷ்டம். தண்ணீரும் போகும், கால்வாயில் அலுமினியச் சேறும் படியும்.

முதல் சிக்கனம் கழுவும் விதத்திலேயே இருக்கிறது. நேரம் பார்த்து, "எட்டு மணி ஷிப்ட் வந்ததும் ஒரு கழுவு" என்று கழுவும் வழக்கம் தண்ணீரைத் தின்னும். தடையளவைப் பார்த்துக் கழுவ வேண்டும். காற்றை முதலில் விட்டு மணலை உரசவைத்துவிட்டு அப்புறம் தண்ணீரை விட்டால் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். கழுவிய நீர் கண்ணாடியாகும்வரை ஓட்ட வேண்டியதில்லை. கலங்கல் பத்து என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கினாலே நிறுத்தலாம். மணல் துகளில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அடுத்த சுற்று வடிகட்டலுக்கு உதவும். அதையும் உரித்துவிட்டால் வடிகட்டி மீண்டும் பதத்துக்கு வரத் தாமதமாகும்.

இரண்டாவது, மீட்டெடுப்பு. கழுவிய நீரை ஒரு தொட்டியில் தெளியவிட்டு, மேல்நீரை நிலையத்தின் நுழைவுக்கு, படிகாரம் கலக்கும் இடத்துக்கு முன்னால், திருப்ப வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, தொட்டி நிரம்பியதும் பம்பைப் போட்டு மொத்தமாகத் தள்ளிவிடுவது. திடீரென்று வேறு குணமுள்ள நீர் கலந்தால் காலையில் ஜாடிச் சோதனை (ஜாடிகளில் நீரை எடுத்துப் படிகாரம் கலந்து பார்ப்பது) செய்து வைத்த படிகார அளவு பொருந்தாமல் போய், சேறு படியும் தொட்டியான தெளிவிப்பான் முழுக்கச் சேறு மேலெழும். திருப்பும் நீர் மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், நாள் முழுக்கச் சீராகப் போக வேண்டும். காரணம் இன்னொன்றும் உண்டு. குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி முட்டைகள் மணலில்தான் சிக்குகின்றன. கழுவிய நீரில் அவை செறிவாக இருக்கும். தெளியவிடாமல் திருப்பினால் அவற்றைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது, சேறு. 100 எம்.எல்.டி. நிலையம், லிட்டருக்கு 30 மில்லிகிராம் படிகாரம், ஏரி நீரில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ படிகாரம் ஏறக்குறைய 0.44 கிலோ உலர் சேறாகும். கணக்குப் போட்டால் நாளுக்கு 2.8 டன் உலர் எடை வரும். தொட்டியடியில் இது 2 சதவீதச் செறிவில் இருக்கும்போது 140 கன மீட்டர் குழம்பு. பிழிந்து 25 சதவீதமாக்கினால் 11 டன் கட்டி, இரண்டு லாரிச் சுமை. பிழியும் இயந்திரத்துக்கு ஆகும் செலவு லாரி வாடகையிலேயே திரும்பும்.

இந்தக் கட்டியை என்ன செய்வது? செங்கல் மண்ணில் சிறிய பங்கு கலக்கலாம். அதிகமானால் செங்கல் சுருங்கி வெடிக்கும். காய்கறித் தோட்டத்துக்கு உரமாகக் கொடுக்காதீர்கள். படிகாரச் சேறு மண்ணிலிருக்கும் பாஸ்பரஸைக் கட்டிப்போட்டுவிடும், செடிக்குக் கிடைக்காது. அதே குணம் கழிவுநீர் நிலையத்தில் வரம். பாஸ்பேட்டைப் பிடிக்க அங்கே விலை கொடுத்து ரசாயனம் வாங்குவதற்குப் பதில் இந்தச் சேற்றைப் பயன்படுத்த முடியும்.

வாரியக் கூட்டங்களில் அதிகாரிகள் மேசையில் பாட்டில் தண்ணீர் இருக்கிறதே? (வாசகர், மயிலாப்பூர்)

இருக்கக்கூடாது. தன் தண்ணீரைத் தானே குடிக்காத வாரியம் எந்தப் பிரசாரம் செய்தும் புண்ணியமில்லை.

மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய குளோரின் நீரைக் கால்வாயில் திறந்துவிட்டார்கள். மீன்கள் செத்து மிதந்தன. தவிர்க்க முடியாதா? (வாசகர், அம்பத்தூர்)

தவிர்க்கலாம், விலையும் அதிகமில்லை. தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வைப்பது வழக்கம். வீட்டுக்கு வரும் குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருந்தால் போதும் என்றிருக்கும்போது, இது 250 மடங்கு. மீனின் செவுள் அந்த 0.2-ஐயே தாங்காது.

ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் 50 மில்லிகிராம் என்றால் மொத்தம் 5 கிலோ குளோரின். ஒரு கிலோ குளோரினை முறிக்க 1.8 கிலோ சோடியம் சல்பைட் வேண்டும். ஆகவே 9 கிலோ. ஊறவைத்த 24 மணி நேரத்தில் குளோரின் கணிசமாகக் குறைந்திருக்கும். எனவே முதலில் மிச்சத்தை அளந்து, அதற்கேற்ற அளவைக் கரைத்துக் கலந்து, மறுபடி அளந்து, பூஜ்யமானதும் மெதுவாகத் திறக்க வேண்டும். "கொஞ்சம் கூடவே போடு" என்று அள்ளிப் போட்டால் மிஞ்சிய சல்பைட் கால்வாய் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சும். மீன் அப்போதும் சாகும், காரணம் மட்டும் மாறியிருக்கும். அவசரமில்லையென்றால் ரசாயனமே வேண்டாம். திறந்த மண் தரையில் பரவவிட்டு வெயில் காட்டினாலே குளோரின் போய்விடும்.

சாக்கடையிலிருந்து மின்சாரம் எடுப்பதாகச் சொல்கிறார்களே, நிஜமாகவா? (வாசகி, விருகம்பாக்கம்)

நிஜம்தான். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கழிவுநீர்ச் சேற்றைக் காற்றில்லாத கலன்களில் செரிக்கவிட்டு, வரும் வாயுவை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கும் அமைப்புகள் உண்டு. சேற்றில் செரிக்கக்கூடிய பொருள் 1,000 கிலோ போனால் சுமார் 450 கிலோ செரிக்கும். கிலோவுக்கு 0.9 கன மீட்டர் வீதம் 400 கன மீட்டர் வாயு, அதிலிருந்து 800 யூனிட் மின்சாரம். ஐரோப்பாவில் கலனை 35 டிகிரிக்குச் சூடாக்கவே வாயுவில் ஒரு பங்கு செலவாகும். நம் ஊர் வெயில் அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது.

கெடுவது எங்கே என்றால், ஒன்று மணல். மணல் பிரிக்கும் தொட்டி சரியில்லையென்றால் அது கலனின் அடியில் தங்கி, சில ஆண்டுகளில் கலனின் கொள்ளளவே குறைந்துபோகும். இன்னொன்று ஹைட்ரஜன் சல்பைடு. வாயுவைக் கழுவாமல் எஞ்சினுக்கு விட்டால் எண்ணெய் அமிலமாகி பேரிங் போய்விடும். மூன்றாவது நீர்த்த சேறு. 5 சதவீதத்துக்குக் கெட்டியாக்காமல் 2 சதவீதச் சேற்றை அனுப்பினால் கலனில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீருக்கே இடம் கொடுத்ததாகும். செரிக்க வேண்டிய 20, 25 நாள் கிடைக்காது. எஞ்சின் பழுதாகி நிற்கும் நாட்களில் வாயுவைத் திறந்துவிடவே கூடாது, கொளுத்திவிட வேண்டும். அந்த வாயுவில் பெரும்பகுதியான மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடேற்றக்கூடியது. ஒரு வாரம் சும்மா திறந்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு மாத மின்சாரத்தின் புண்ணியம் கரைந்துபோகும்.

கோயம்பேட்டில் சுத்திகரித்த கழிவுநீரை ஒருநாள் எங்கள் குழாயில் விட்டுவிடுவார்களா? (வாசகர், வடபழனி)

இப்போது அது தொழிற்சாலைக்குப் போகிறது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. திறனில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கின. வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீரை மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி, ஆர்.ஓ. என்று வரிசையாகக் கடத்துகிறார்கள். கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு. கோயம்பேடு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். ஆலைகள் இதை வாங்கினால் அத்தனை ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. லாபம் அதுதான்.

அருவருப்பு வேண்டாம். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் கலக்கிறது. சிங்கப்பூர் 2003-லிருந்து பெரும்பகுதியை ஆலைகளுக்கும் சிறுபகுதியை நீர்த்தேக்கங்களுக்கும் அனுப்புகிறது.

நாம் பார்க்க வேண்டிய இடம் ஆர்.ஓ.வின் கழிவு. 100 லிட்டரில் 75 லிட்டர் நல்ல நீர் எடுத்தால், மிச்ச 25 லிட்டரில் உப்பு நாலு மடங்கு. அது கூவத்துக்குப் போகிறதா, வேறெங்கே போகிறது என்று கேளுங்கள். கடலோரத்தில் பழைய கழிவுநீர்க் குழாய்களின் விரிசல் வழியே உப்பு நிலத்தடி நீர் உள்ளே புகுந்தால் ஆர்.ஓ.வின் மின்செலவும் ஏறும், சவ்வில் உப்பும் படியும். நல்ல மறுசுழற்சி நிலையத்துக்கு முதல் தேவை ஒழுகாத சாக்கடைக் குழாய்.

கடல்நீரைக் குடிநீராக்குவது, லாரியில் தண்ணீர் கொண்டுவருவது: இரண்டில் எது சுற்றுச்சூழலுக்கு மோசம்? (வாசகர், சோழிங்கநல்லூர்)

விடை பலருக்கு ஆச்சரியம் தரும். ஆயிரம் லிட்டருக்குக் கணக்கிடுவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ கரியமில வாயு, ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏரி நீரை 40 மீட்டர் ஏற்றி அனுப்பினால் 0.17 யூனிட், அதாவது 0.12 கிலோ. 9,000 லிட்டர் லாரி போகவர 15 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், ஆயிரம் லிட்டருக்கு 1.1 கிலோ. கடல்நீர் ஆர்.ஓ.வுக்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3.5 யூனிட், அதாவது 2.5 கிலோ. கடல்நீர் ஆலையின் தண்ணீரை லாரியில் வாங்கினால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரில் 2010-லிருந்தும் நெம்மேலியில் 2013-லிருந்தும் தலா 100 எம்.எல்.டி. ஆலைகள் இருக்கின்றன, நெம்மேலியில் 150 எம்.எல்.டி. ஆலை ஒன்று 2024-ல் சேர்ந்தது. ஒரு 100 எம்.எல்.டி. ஆலை முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு மூன்றரை லட்சம் யூனிட். வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை உள்ளே வரும் நீருக்குக் கைமாற்றும் கருவி இல்லாவிட்டால் இது இருமடங்கை நெருங்கும். நூறு லிட்டர் கடல்நீரில் 45 லிட்டர் குடிநீர், 55 லிட்டர் ஏறக்குறைய இருமடங்கு உப்புள்ள நீர். அடர்த்தியான அந்த நீர் தானாகக் கலக்காது, தரையோடு படுத்துக்கொள்ளும். கரையோரத்தில் ஒரே குழாய் வாயில் கொட்டாமல், தள்ளிப்போய்ப் பல துளைகள் வழியே வேகமாகப் பீய்ச்சினால்தான் கடலடி உயிர்கள் தப்பும்.

2019 போல ஏரிகள் வறண்ட ஆண்டில் இந்த ஆலைகள் இல்லையென்றால் பாடு இன்னும் மோசமாகியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு மின்சாரம் செலவழித்து எடுத்த நீரை ஒழுகும் குழாயில் விடுவது எங்களுக்குப் புரியாத பொருளாதாரம்.

எங்கள் குடியிருப்பில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறது; மழை வந்தால் தெருச் சாக்கடையும் பொங்குகிறது. சம்பந்தம் உண்டா? (குடியிருப்புச் சங்கம், வேளச்சேரி)

இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல வீடுகளில் தொட்டி ஓரத்தில் கிடக்க, மாடிக் குழாய் மட்டும் சாக்கடை மேன்ஹோலில் சேர்ந்திருக்கும்.

பத்து வீடு, வீட்டுக்கு நால்வர் என்றால் நாளுக்குச் சுமார் 4,300 லிட்டர் கழிவுநீர். அதே கட்டடத்தின் 3,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 12,000 லிட்டருக்கு மேல். மூன்று நாள் சாக்கடை ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள் இறங்குகிறது. நீரேற்று நிலைய மோட்டார்கள் முழுமூச்சில் ஓடும், அப்படியும் பொங்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அது பழைய நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

சேகரிப்பிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. 3 அடி விட்டம், 15 அடி ஆழ உறைகிணறு வெறுமையாக இருந்தால் 3,000 லிட்டர் கொள்ளும். அதில் ஜல்லியை வாய்வரை நிரப்பினால் 1,200 லிட்டர்தான். ஜல்லியும் மணலும் கிணற்றுக்கு முன்னால் இருக்கும் 2 அடிக்கு 2 அடி வடிகட்டிப் பெட்டியில் இருக்கட்டும். கிணறு காலியாக, மேலே துளையில்லாத கனமான மூடியோடு இருக்கட்டும். வேளச்சேரிபோல் களிமண் உள்ள இடத்தில் உறைகிணற்றின் அடியிலிருந்து மணல் அடுக்கைத் தொடும்வரை துளையிட்டுக் குழாய் இறக்கவேண்டும், இல்லையென்றால் நீர் அப்படியே நிற்கும். முதல் மழை நீரை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். பெட்டி மணலை ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

உங்கள் மாடிக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. மழையில்லாத நாளில், வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் குறைவான மதிய நேரத்தில், நீலம் கரைத்த இரண்டு வாளித் தண்ணீரை மாடி வடிகாலில் ஊற்றிவிட்டு, கீழே வடிகட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். நீலம் அங்கே வரவில்லையென்றால் வளாகத்துக்குள் இருக்கும் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்து வெளியே நின்றபடியே பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அங்கே நீலம் தெரிந்தால் பிளம்பரை அழைத்து அந்த இணைப்பைத் துண்டித்து, குழாயை வடிகட்டிப் பெட்டிக்குத் திருப்பச் சொல்லுங்கள். தரைமட்டத்துக்கு மேலேயே குழாயின் வளைவுத் துண்டை (எல்போ) மாற்ற முடிந்தால் ஒரு நாள் வேலைதான்.